இயந்திரம் வரட்டும், ஆனால் யாருடைய கணக்கில்?

(கொழும்பில் தொழில் செய்யும் தோட்டத்து இளைஞர்களுக்கும் தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்குமாகக் கிருலப்பனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு பெரும்பாலும் அப்படியே தரப்படுகிறது.)



இன்றைய வகுப்புக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, "தொழில்நுட்பமும் பொருளாதார வளர்ச்சியும்". தலைப்பைக் கேட்டதும் பாதிப்பேருக்குத் தூக்கம் வந்திருக்கும். ஆனால் உங்கள் தோட்டத்தில் இப்போது கத்தரி வந்துவிட்டது. சில இடங்களில் மோட்டார் வைத்த கொழுந்து பறிக்கும் மெசினும் வந்துவிட்டது. அது நம்மை வாழ வைக்குமா, வீட்டுக்கு அனுப்புமா என்ற கேள்விதான் இந்தத் தலைப்பு. அப்படி எடுத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். இங்கிருந்து ஹெவ்லொக் வீதிப் பக்கம் நடந்து போனால் ஹெவ்லொக் சிட்டி என்ற வானுயர்ந்த அடுக்குமாடிகளைக் காண்பீர்கள். அந்த நிலத்தில்தான் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. பழையவர்கள் "வெள்ளவத்தை மில்" என்பார்கள். நாட்டின் மிகப் பெரிய நெசவாலைகளில் ஒன்று. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அங்கே வேலை செய்தார்கள். 1933 இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் அந்தத் தொழிலாளரோடு நின்று சங்கம் கட்டினார்கள். இன்று மில்லும் இல்லை, தறியும் இல்லை. நம்முடைய பிள்ளைகள் அதைப் போன்ற கட்டடங்களில் காவல் வேலையும் துப்புரவு வேலையும் செய்கிறார்கள்.

ஒரு காலத்தில் அந்த மில்தான் புதிய தொழில்நுட்பம். கைத்தறிக்காரனின் பிழைப்பை எடுத்தது மில் தறி. பிறகு அந்த மில்லும் பழையதாகிப் போனது. ஆக, எந்தத் தொழிலும் நிரந்தரம் இல்லை. தொழில் மாறும்போது தொழிலாளி எங்கே நிற்கிறான் என்பதைத்தான் சங்கம் பார்க்க வேண்டும்.

வளர்ச்சி எங்கிருந்து வருகிறது?

ஒரு மலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கொழுந்து பறிக்கிறார்கள். இன்னும் பத்துப் பேரை அதே மலைக்கு அனுப்பினால் கொழுந்து இரட்டிப்பாகுமா? ஆகாது. செடியில் இருப்பதுதான் வரும். பத்துக் கூடை கூடுதலாக வாங்கிக் கொடுத்தாலும் அதே கதைதான். ஆளையும் பணத்தையும் மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஓரளவுக்கு மேல் பலன் குறையும். அதைத் தாண்ட வேண்டுமென்றால் செடி மாற வேண்டும், அல்லது வேலை செய்யும் முறை மாற வேண்டும்.

இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ரொபர்ட் சோலோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணிநேர உழைப்பின் பலன் இரண்டு மடங்கானது. அதில் எட்டில் ஏழு பங்கு தொழில்நுட்ப மாற்றத்தால் வந்தது, மீதி ஒரு பங்குதான் கூடுதல் முதலீட்டால் வந்தது என்று 1957 இல் அவர் எழுதினார். 1987 இல் நோபல் பரிசு பெற்றார்.

நீண்ட காலத்தில் இது என்ன செய்யும் என்பதை வட்டிக்கடைக் கணக்கில் சொல்கிறேன். நகையை அடகு வைத்தவர்களுக்கு வட்டிக்கு வட்டி என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு நாட்டின் தலா வருமானம் ஆண்டுக்கு நூற்றுக்கு 1 கூடினால் அது இரட்டிப்பாக ஏறக்குறைய 70 ஆண்டு ஆகும். நூற்றுக்கு 3 கூடினால் 24 ஆண்டு போதும். முதல் நாட்டில் பேரனுக்குக் கிடைப்பது இரண்டாவது நாட்டில் மகனுக்கே கிடைத்துவிடும். 1க்கும் 3க்கும் இடையிலுள்ள அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தொழில்நுட்பம். ஆகவே "மெசின் வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட நம்மால் முடியாது.

ஸ்டோர் மாறியது, மலை மாறவில்லை

இனி நம்முடைய கதைக்கு வருவோம். இலங்கைத் தேயிலையே ஒரு தொழில்நுட்ப மாற்றத்தில் பிறந்ததுதான். நம் முன்னோர் முதலில் கோப்பித் தோட்டங்களுக்குத்தான் வந்தார்கள். 1869 இல் கோப்பியில் இலைத்துரு நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பித் தொழில் விழுந்தது. அந்த நோய்க்குச் சற்று முன், 1867 இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பங்களா விறாந்தையில் மேசை மேல் வைத்துக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் காயவைத்துத்தான் முதல் தூள் செய்யப்பட்டது. 1872 இல் அவர் உருட்டும் இயந்திரம் செய்தார். 1873 இல் லண்டனுக்குப் போனது வெறும் 23 இறாத்தல். 1900 அளவில் ஏற்றுமதி பத்துக் கோடி இறாத்தலைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு வேகமாக அது எப்படி நடந்தது? ரோலர் வந்தது. சாமுவேல் டேவிட்சன் செய்த சிரோக்கோ உலர்த்தி வந்தது. புகையிரதம் 1867 இல் கண்டிக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்தது. பின்னர் 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, தலவாக்கலை சென்ட் கூம்ஸில் நிலைகொண்டது. அங்கிருந்து வந்ததுதான் நீங்கள் வீ.பி. என்று சொல்லும் தேயிலை. நல்ல தாய்ச்செடியின் கிளையை வெட்டி, ஒரு இலையோடு நட்டு வளர்ப்பது. டி.ஆர்.ஐ. 2025 என்ற இனத்தை அறியாத கணக்கப்பிள்ளை இல்லை. நல்ல பராமரிப்பு இருந்தால் பழைய விதைத் தேயிலையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விளைச்சல் தரும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டோரில் வேலை செய்தவன். உருட்டும் அறையில் தொடங்கினேன். நாங்கள் ரோதை முனிக்குப் பூசை போட்டுவிட்டுத்தான் மெசினை ஓட்டுவோம். நம் மக்கள் இயந்திரத்துக்கு எதிரிகளாக ஒருநாளும் இருந்ததில்லை. அதற்கு ஒரு சாமியையே உண்டாக்கி வைத்தவர்கள். என் காலத்திலேயே வாட்டும் தட்டு மாறியது, மின்சாரம் மாறியது, தூளைத் தரம் பிரிப்பதும் மாறியது.

ஆனால் ஸ்டோர் வாசலைத் தாண்டி மலைக்குப் போனால் என்ன இருந்தது? என் பாட்டி கூடை கட்டிக்கொண்டு இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளினார். அம்மாவும் அப்படியே. என் தங்கச்சியும் அப்படியே. கூடை சாக்கானது, அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு மேல் மலையில் பறிக்கும் முறை அசையவே இல்லை.

ஏன்? துரைமாருக்குப் புத்தி இல்லாமலா? இல்லை. அவர்களுக்குத் தேவை வரவில்லை. உருட்டுவதற்கு மெசின் இல்லாவிட்டால் லண்டன் சந்தையில் சீனத் தேயிலையோடு போட்டி போட முடியாது, அதனால் மெசின் வாங்கினார்கள். பறிப்பதற்குக் கை மலிவாகக் கிடைத்தது. துண்டு முறை 1921 வரை இருந்தது. கடன் தீர்ந்து கங்காணி துண்டு தராமல் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1948 இல் குடியுரிமையையும் பறித்தார்கள். வாக்கில்லாதவனுக்குப் பேரம் பேசும் பலம் ஏது? பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம் 1984 வரை இருந்தது. பறிப்பவர் பெரும்பாலும் பெண்கள். மலிவிலும் மலிவான கை. அப்படியான கை இருக்கும்போது எந்த முதலாளி மலையில் புதிய முறைக்குப் பணம் போடுவான்?

இதை நன்றாக மனதில் வையுங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை வரும்போதெல்லாம் கம்பனிகள் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: "சம்பளம் கூடினால் தேயிலைத் தொழில் அழியும்." வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. சம்பளம் அடிமட்டத்தில் இருந்த அத்தனை காலமும் மலையில் தொழில்நுட்பம் வளரவில்லை. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா ஆனது, 2024 இல் 1,350 ஆனது, 2026 வரவு செலவுத் திட்டத்தில் அரசின் 200 ரூபா வருகைக் கொடுப்பனவோடு 1,750 என்று அறிவிக்கப்பட்டது. கத்தரி, மெசின், புதிய முறை என்று கம்பனிகள் ஓடித் திரிவதும் இந்தக் காலத்தில்தான். உழைப்புக்கு விலை வைத்தால்தான் அதை வீணாக்காமல் பயன்படுத்தும் யோசனை வருகிறது.

கென்யாவைக் காட்டிப் பேசுபவர்களுக்கு

அடுத்த பாட்டு கென்யா. "கென்யாவில் ஒருவர் எவ்வளவு பறிக்கிறார் பாருங்கள்" என்பார்கள். பார்ப்போம். 1965 இல் உலகில் அதிகம் தேயிலை ஏற்றுமதி செய்யும் நாடாக நாம் வந்தோம். இன்று கென்யா ஆண்டுக்கு 50 கோடி கிலோவுக்கு மேல் உற்பத்தி செய்கிறது. நாம் 2013 இல் 34 கோடி கிலோ செய்தோம், 2022 இல் 25 கோடிக்கு இறங்கினோம்.

ஒரு பெண் எவ்வளவு பறிக்கலாம் என்பதை அவளுடைய விரல் மட்டும் தீர்மானிப்பதில்லை. செடியின் வயது, இனம், உரம், கவ்வாத்து, மலையின் சரிவு, புல் வெட்டியிருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. நூறு வயதான விதைத் தேயிலை மலையில், இடைவெளிகளில் காடு மண்டிக் கிடக்கும்போது, கென்யாக்காரி வந்தாலும் அந்தக் கிலோதான் வரும்.

மறுநடுகை என்பது செலவு பிடித்த வேலை. பழைய செடியைப் பிடுங்கி, ஒன்றரை இரண்டு வருடம் குவாத்தமாலா புல் வளர்த்து மண்ணைத் தேற்றி, பிறகு நட்டு, முழுப் பலனுக்கு இன்னும் சில வருடம் காத்திருக்க வேண்டும். தோட்டங்கள் 1992 இல் கம்பனிகளுக்குப் போயின. குத்தகை 53 வருடம், 2045 அளவில் முடியும். ஐம்பது வருடம் வாழும் செடியை, இருபது வருடத்தில் விட்டுப் போகப் போகிறவன் நடுவானா? ஆகவே உற்பத்தித்திறன் குறைவு என்று யாராவது சொன்னால், அதற்குத் தொழிலாளி ஒருவரே பொறுப்பல்ல என்று நாம் பதில் சொல்ல வேண்டும். எத்தனை ஹெக்டயர் மறுநடுகை செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

அறிவை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 போதும். இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள். தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் நாட்டில், விஞ்ஞானிகளையும் கேட்கவில்லை, செடியோடு வாழும் தொழிலாளியையும் கேட்கவில்லை. உற்பத்தி விழுந்தது. கிலோ குறைந்ததால் பேர் குறைந்தது யாருக்கு? நமக்குத்தான்.

பலன் யாருக்கு?

2025 இல் பொருளியல் நோபல் பரிசு இந்த விடயத்துக்கே கொடுக்கப்பட்டது. ஜோயல் மோக்கியர், பிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் என்ற மூவர். மோக்கியர் சொல்வது, ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்களும், அது ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களும் ஒருவரிடம் ஒருவர் கற்றால்தான் கண்டுபிடிப்பு நிற்காமல் வரும் என்பது. அகியோனும் ஹோவிட்டும் சொல்வது, புதியது வரும்போது பழையதை அழித்துக்கொண்டுதான் வரும், ஆகவே வளர்ச்சிக்குள்ளேயே வென்றவரும் தோற்றவரும் இருக்கிறார்கள் என்பது.

இதைவிடப் பழைய சாட்சி ஒன்று உண்டு. டேவிட் ரிக்கார்டோ முதலாளித்துவப் பொருளியலின் தந்தைமாரில் ஒருவர். மெசின் எல்லோருக்கும் நல்லது என்று முதலில் நம்பியவர். 1821 இல் தன் நூலின் மூன்றாம் பதிப்பில் இயந்திரம் பற்றி ஒரு புதிய அத்தியாயம் சேர்த்து, தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். இயந்திரம் தங்களைப் பாதிக்கும் என்று தொழிலாளர் அஞ்சுவது அறியாமை அல்ல என்றார்.

கென்யாவின் கெரிச்சோவில் 2023 மே மாதம் கொழுந்து பறிக்கும் மெசின்களைக் கொளுத்தினார்கள். ஆத்திரம் நியாயமானது. ஆனால் எரிந்த மெசினுக்குப் பதில் இன்னொன்று வரும். ஜப்பானில் 1960களிலிருந்து மோட்டார் மெசினால்தான் பறிக்கிறார்கள். நெருப்பு வைத்து இதை நிறுத்த முடியாது. நிபந்தனை வைத்து நம் பக்கம் திருப்ப முடியும்.

ஒரு கணக்குப் போடுவோம். கணக்குக்காகத்தான் சொல்கிறேன். கையால் மூன்று பேர் ஆளுக்கு 20 கிலோ பறித்தால் 60 கிலோ. அதே மூவர் மெசினோடு 180 கிலோ பறிக்கிறார்கள் என்று வையுங்கள். கூடுதல் 120 கிலோ. பெற்றோல், மெசின் விலை, முற்றிய இலை கழிப்பதற்குப் பாதி போகட்டும். மீதி 60 கிலோவின் பலன் யாருடையது? நாட்சம்பளம் அப்படியே இருந்து, பேருக்குரிய கிலோ மட்டும் ஏறினால் முழுவதும் கம்பனிக்கு. அதோடு, முன்பு ஒன்பது பேர் செய்த வேலை மூவருக்கு வந்துவிட்டது. மற்ற ஆறு பேர் எங்கே? இந்த இரண்டு கேள்விக்கும் விடை மெசினுக்குள் இல்லை. கூட்டு ஒப்பந்தத்தில்தான் எழுதப்பட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தட்டு வைத்த கத்தரி கொடுத்தார்கள். முதல் மாதம் கிலோ கூடியது, கைக்காசும் கூடியது, பெண்கள் சந்தோசப்பட்டார்கள். மூன்றாம் மாதம் பிரட்டுக்களத்தில் சொன்னார்கள், இனிப் பேருக்கு இத்தனை கிலோ என்று. ஏற்றிவிட்டார்கள். கூடுதல் பணம் மறைந்தது. தோள்வலி மட்டும் மிச்சம். என் சொந்தத் தங்கச்சி அங்கே வேலை செய்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு வலது கையை மேலே தூக்கித் தலை சீவ முடியவில்லை. "அண்ணே, கத்தரி நல்லதுதான். ஆனா அத கொடுத்த அன்னைக்கே பேசியிருக்கணும்" என்றாள். இன்றைய வகுப்பில் நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வார்த்தைதான். கொடுத்த அன்றைக்கே பேச வேண்டும்.

என்ன பேச வேண்டும்?

ஒன்று. கத்தரியோ மெசினோ மலைக்கு வருமுன் தோட்டக் கமிட்டியோடும் மாதர் சங்கத்தோடும் பேச வேண்டும். எந்த மலை, எத்தனை பேர், எந்தச் சரிவு என்று எழுத்தில் வேண்டும்.

இரண்டு. பேருக்குரிய கிலோவைத் தோட்டம் தனியாக ஏற்றக்கூடாது. கூடும் கொழுந்தில் தொழிலாளிக்கு எவ்வளவு பங்கு என்பது முதலிலேயே எழுதப்பட வேண்டும்.

மூன்று. மெசின் வந்ததால் யாருக்கும் வேலை போகக்கூடாது. மறுநடுகை, மண் பாதுகாப்பு, நாற்றுமேடை என்று மலையில் செய்யாமல் கிடக்கும் வேலை ஏராளம். அங்கே மாற்றுங்கள். ஓய்வு பெறுபவரின் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் பாக்கியில்லாமல் கொடுபட வேண்டும்.

நான்கு. மெசின் ஓட்டும் பயிற்சி பெண்களுக்கும் வேண்டும். கையால் பறித்தவரை பெண்ணின் வேலை, மோட்டார் வந்தவுடன் ஆணின் வேலை, கூடுதல் சம்பளமும் ஆணுக்கு என்று ஆகிவிடக்கூடாது. இதை நம் சங்கத்துக்குள்ளேயும் சொல்ல வேண்டியிருக்கிறது. பாரம், அதிர்வு, இரைச்சல் ஆகியவற்றுக்கு மருத்துவப் பரிசோதனையும் கேட்க வேண்டும்.

ஐந்து. ஆராய்ச்சி நிலையத்தின் அறிவு தொழிலாளிக்கு வரவேண்டும், தொழிலாளியின் அறிவு அங்கே போகவேண்டும். எந்த மலையில் கொழுந்து எப்போது கட்டையாகும் என்று சொல்ல நாற்பது வருடம் பறித்த ஒரு அம்மாவால் முடியும். அவரை யாரும் இதுவரை ஒரு கூட்டத்துக்கு அழைத்துக் கேட்டதில்லை.

கடைசியாக நிலம். இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கை, நான்கில் மூன்று பங்கு அளவுக்கு, சிறுதோட்டக்காரர்தான் தருகிறார்கள். தன் செடி என்றால் உரமும் போடுவான், மறுநடுகையும் செய்வான். நம் மக்களுக்கு நிலம் கொடுத்தால் புதிய முறையைக் கற்க வேண்டும் என்று யாரும் விரட்ட வேண்டியதில்லை. கம்பனிகள் பேசும் வெளியாள் பயிர்ச்செய்கை முறையில் நிலத்தின் உரிமை நமக்கு வருகிறதா, வெறும் பராமரிப்புப் பொறுப்பு மட்டும் வருகிறதா என்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

கொழும்புத் தம்பி தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தை விட்டு வந்தாயிற்று, இது நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். கடையில் பில் போடும் மெசினும், களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டியும், போனில் வேலை கொடுக்கும் கம்பனியும் உங்கள் மலையின் கத்தரிதான். அங்கேயும் கிலோ ஏறும், பேர் ஏறாது. தனியாளாக இருந்தால் கேட்கத் துணிவும் வராது. இங்கே நாம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், 1933 இல் அந்த மில் தொழிலாளர் தறியை உடைக்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பேசினார்கள்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தம் மலையில் இப்போது பேருக்கு எத்தனை கிலோ, கத்தரி வருமுன் எத்தனை கிலோ என்பதை எழுதித் தாருங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தத் தாளோடுதான் போக வேண்டும்.